வீட்டு பீருக்கு எந்த அடுப்பு: விறகா, கேஸா, கரியா, கரண்டா?

போன மாதம் பின்வரிசை வீட்டுத் தம்பி வேலியோரம் நின்று கேட்டார்: "அண்ணே, தோட்டத்துல மறுநடவுக்குப் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டினாங்கல்ல, ஒரு லோரி கிளைக்கட்டை வீட்டுக்குப் பின்னாலயே கிடக்குது. விறகு சும்மா கிடைக்கிறப்ப கேஸுக்கு எதுக்குக் காசு? பீரை விறகடுப்புலயே காய்ச்சிடலாமா?" அதே வாரம் ஈப்போவில் அடுக்குமாடியில் இருக்கும் அக்கா மகள் போன் போட்டாள். "மாமா, என்கிட்ட இருக்கிறது ஒரே ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு. இதுல முடியுமா முடியாதா, அதை மட்டும் சொல்லுங்க."

இரண்டு பேருக்கும் ஒரே பதில் கிடையாது. நாங்கள் இருப்பது மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். பின்கட்டில் இடம் உண்டு, மழையும் உண்டு, பக்கத்து வீட்டுச் சுவர் பத்தடி தூரத்தில். இங்கே சரியாக வருவது பத்தாவது மாடியில் வராது. அதனால் நான்கு அடுப்பையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கிறேன். கணக்கெல்லாம் 20 லிட்டர் பீருக்கு. அதாவது அண்டாவில் 25 லிட்டர் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாறு, ஒரு மணி நேரக் கொதி.

அதற்கு முன் ஒன்று. நம் தோட்ட மக்கள் மதுவால் பட்ட பாடு கொஞ்சமில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு சேர்த்து அவர்கள் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பதும் ஒன்று. பிறகு சம்சு என்ற மலிவுச் சாராயம் வந்து எத்தனையோ குடும்பங்களைச் சாய்த்தது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்துப் பலர் செத்தார்கள். ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கட்டுரை மால்ட்டை ஊறவைத்து, கொதிக்கவைத்து, புளிக்கவைக்கும் பீரைப் பற்றியது மட்டும். வடிப்பது, அதாவது ஆவியைப் பிடித்துச் சாராயம் எடுப்பது, எந்த அடுப்பிலும் கூடாது. மலேசியாவில் மது தயாரிப்பும் விற்பனையும் 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டத்தின் உரிமக் கட்டுப்பாட்டுக்குள் வருகின்றன. தொடங்கும் முன் சுங்கத் துறை அலுவலகத்துக்கு நேரில் போய், எவ்வளவு, யாருக்காக என்று சொல்லிக் கேட்டுவிடுங்கள். ஒரு போத்தலைக்கூட விற்காதீர்கள். 21 வயது ஆகாத பிள்ளைகள் கையில் அது போகக் கூடாது.

எதை வைத்து எடை போடுவது

பீர் காய்ச்சும் நாளில் அடுப்புக்கு இரண்டு வேலை. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

முதல் வேலை, அடங்கி இருப்பது. உடைத்த மால்ட்டை 65 முதல் 68 டிகிரிச் சூட்டுத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். தானியத்தில் இருக்கும் மாவுச்சத்து அப்போதுதான் சர்க்கரையாக மாறும். 60க்குக் கீழே இறங்கினால் வேலை மெதுவாகி, பீர் தண்ணியாக, உடம்பில்லாமல் போகும். 75ஐத் தாண்டினால் அந்த மாற்றத்தைச் செய்யும் நொதிகள் செத்துவிடும். ஐந்து டிகிரி அங்கே இங்கே போனாலும் நாக்கில் தெரியும்.

இரண்டாவது வேலை, ஓங்கி எரிவது. சாற்றை வடிகட்டிய பிறகு ஒரு மணி நேரம் மூடி போடாமல் தளதளவென்று கொதிக்க வேண்டும். ஹாப்ஸ் என்ற காய்ந்த பூவின் கசப்பு இறங்க அவ்வளவு நேரம் ஆகும். வெளிர் மால்ட்டில் இருந்து வரும் ஒருவித வேகவைத்த சோள வாடை ஆவியோடு வெளியேறவும் அந்தக் கொதி வேண்டும். ஓரத்தில் மட்டும் முட்டை விடும் சோம்பல் கொதி போதாது.

இந்த இரண்டோடு மூன்றாவது ஒன்றையும் நான் சேர்ப்பேன்: நினைத்த நொடியில் தீயை அடக்க முடியுமா? சாறு கொதிக்கத் தொடங்கும் நேரத்தில் புரதம் நுரையாகத் திரண்டு மேலேறும். பொங்கல் பானை பொங்கினால் வீட்டுக்கு நல்லது. இங்கே பொங்கினால் சர்க்கரைச் சாறு காலில் கொட்டும்.

அப்புறம் செலவு. கண்ணுக்குத் தெரிகிற காசு மட்டுமல்ல. நேரம், பாத்திரம், கண், மூச்சு, அக்கம்பக்கம் எல்லாம் அதில் சேரும்.

விறகடுப்பு

விறகடுப்பை நான் நேசிக்கிறேன். லயத்து வீட்டில் அம்மா விடியற்காலை நான்கு மணிக்கு ஊதாங்குழலோடு குனிந்து உட்கார்ந்திருந்த காட்சியிலிருந்து வந்த நேசம் அது. அவரது இருமலும் அந்த அடுப்படியில் இருந்துதான் வந்தது. இரண்டையும் மறக்காமல்தான் இதைச் சொல்கிறேன்.

கொதியில் விறகை அடிக்க ஆளில்லை. நன்றாகக் காய்ந்த பால்மரக் கட்டை, செங்கல் அடுப்பு, அகலமான அடி உள்ள அண்டா இருந்தால் 25 லிட்டர் அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் கொதிக்கு வந்துவிடும். வந்த பிறகு அந்தக் கொதி அசையாது. நார்வேயின் வோஸ் வட்டாரத்துப் பண்ணை வீடுகளில் இன்றும் செம்புக் கொப்பரையில், விறகுத் தீயில், சாற்றை மணிக்கணக்காகக் கொதிக்கவைத்துச் சிவக்க விடுகிறார்கள். நீண்ட கொதியில் சாறு சுண்டி, நிறம் ஏறி, கருப்பட்டிப் பாகின் ஓரத்தில் வருவது போன்ற ஒரு ருசி தட்டும். அப்படிப்பட்ட பீர் வேண்டுமென்றால் விறகுதான். கேஸில் மூன்று மணி நேரம் கொதிக்கவைக்க யாருக்கும் மனசு வராது.

புகை வாசம் பீரில் ஏறிவிடுமே என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஏறாது என்றே சொல்லலாம். கொதிக்கும் அண்டாவில் இருந்து ஆவி மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். புகை உள்ளே இறங்க வழி குறைவு. ஜெர்மனியின் பாம்பெர்க் நகரத்துப் புகை பீருக்கு அந்த வாசம் அடுப்பில் இருந்து வருவதில்லை. மால்ட்டையே பீச் மரப் புகையில் உலர்த்துகிறார்கள், அதனால் வருகிறது. நம் ரப்பர்ப் பாலைத் தட்டி, புகைக்கொட்டகையில் தொங்கவிட்டுப் புகையடித்து ஷீட் ஆக்கியது போல.

இனி பாதகங்கள். 67 டிகிரியில் நிறுத்துவது விறகால் ஆகாத காரியம். கட்டையை இழுத்தாலும் கங்கு இருக்கும், கங்கை வாரினாலும் செங்கல் சூடு இருக்கும். பத்து நிமிடம் நன்றாக நின்ற சூடு திடீரென்று 74க்குத் தாவும். இதற்கு ஒரே வழி, ஊறவைக்கும் வேலையை அடுப்பில் வைத்துச் செய்யாமல் இருப்பது. தண்ணீரை 72, 73க்குச் சூடாக்கி, மால்ட்டைக் கொட்டிக் கிளறினால் அது 67 பக்கம் வந்து நிற்கும். உடனே அண்டாவை மூடி, சாக்கும் பழைய போர்வையும் சுற்றி, ஒரு மணி நேரம் தொடாமல் விட்டுவிட வேண்டும். நம் ஊர் வெக்கைக்கு இரண்டு மூன்று டிகிரிதான் இறங்கும். ஆனால் 25 லிட்டர் சூட்டுத் தண்ணீரை அடுப்பில் இருந்து இறக்க இரண்டு பேர் வேண்டும். தனி ஆளாக ஒருபோதும் செய்யாதீர்கள்.

பொங்கும் நேரத்தைப் பற்றி என் அனுபவம் ஒன்று. அன்று நான் மட்டும் இருந்தேன். அண்டாவின் கழுத்து வரை சாறு. முதலில் ஓரத்தில் சந்தன நிறத்தில் ஒரு படலம் திரண்டது. கரண்டியால் விலக்கினேன். அந்த இடத்திலேயே மறுபடி மூடிக்கொண்டது. ஹாப்ஸ் பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினேன், அவ்வளவுதான். நுரை ஒரே மூச்சில் எழும்பி விளிம்பைத் தாண்டி வழிந்தது. தீயில் விழுந்த சாறு சீறி, சாம்பல் குபீரென்று கிளம்பி, வழிந்தது போக மிச்சமிருந்த சாற்றின் மேலேயே வந்து படிந்தது. கட்டையை இழுக்கக் குனிந்த என் முழங்கையில் ஒரு கோடு பட்டது. தழும்பு இன்னும் இருக்கிறது. சர்க்கரைச் சாறு வெந்நீரைப் போல ஓடிவிடாது, தோலில் ஒட்டிக்கொண்டு சுடும்.

அதிலிருந்து மூன்று பழக்கம் வைத்திருக்கிறேன். 25 லிட்டர் சாற்றுக்கு 40 லிட்டர் அண்டா. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலியாக இருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர்; நுரை எழும்பினால் கைநிறையத் தெளித்தால் அடங்கும். ஹாப்ஸ் போடும் முன் இரண்டு கட்டையை வெளியே இழுத்துவிட்டுத்தான் பொட்டலத்தைப் பிரிப்பேன்.

இன்னொரு பாதகம் பலருக்கும் பிறகுதான் உறைக்கிறது. கொதி முடியும் தறுவாயில் வாசத்துக்காகக் கொஞ்சம் ஹாப்ஸ் போடுவோம். கேஸை அணைத்தால் அத்தோடு சூடு நின்றுவிடும். விறகடுப்பில் தீயை வாரிய பிறகும் செங்கல் சூடு அண்டாவைக் கொதிக்குப் பக்கத்திலேயே நிறுத்தி வைக்கும். அந்த மெல்லிய பழவாசம் ஆவியோடு போய், அதற்குப் பதில் கசப்பு ஏறும். வாசமான பீர்தான் உங்கள் ஆசை என்றால் விறகு உங்களுக்கு விரோதி.

விறகு சும்மா கிடைக்கிறது என்ற கணக்கையும் பார்ப்போம். திறந்த மூன்று கல் அடுப்பில் விறகுச் சூட்டில் ஏழில் ஒரு பங்கு பாத்திரத்துக்குப் போனால் அதிகம்; மிச்சம் காற்றோடு. நம் அளவுக்கு ஆறேழு கிலோ காய்ந்த கட்டை வேண்டும். அண்டா உள்ளே இறங்கும்படி, சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி விட்டுச் செங்கல் கட்டினால் நாலு கிலோவில் முடியும். பச்சைக் கட்டை என்றால் சூட்டில் ஒரு பங்கு அதன் ஈரத்தை விரட்டவே போய்விடும். பால்மரக் கட்டையில் மாவுச்சத்து அதிகம், அதனால் மழையில் கிடந்தால் பூஞ்சையும் வண்டும் சீக்கிரம் பிடிக்கும். வெட்டிய கையோடு பிளந்து, தகரக் கூரைக்குக் கீழே காற்றாட அடுக்கி, இரண்டு மூன்று மாதம் விட வேண்டும். பிளக்கும் உழைப்பு, அடுக்கும் இடம், காத்திருக்கும் நாள் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தச் சும்மா விறகின் விலை.

எந்தக் கட்டை என்பதும் முக்கியம். மேசை நாற்காலி செய்யும் பட்டறைத் துண்டுகளைத் தொடவே வேண்டாம். பூச்சி வராமலிருக்க அவற்றில் மருந்து ஏற்றியிருப்பார்கள், பசையும் சாயமும் இருக்கும். செம்பனை மட்டை குப்பென்று பிடித்துப் பொசுக்கென்று அணையும், புகைதான் மிச்சம்; அதோடு தோட்டத்தில் வரிசையாகப் போட்டிருக்கும் மட்டை மண்ணுக்கு உரம், எடுக்கக் கூடாது. தேங்காய் ஓடு பற்றவைக்க அருமை. தோட்டத்துக் கட்டை என்றால் ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்காமலிருக்க அம்மா செய்த வேலையே போதும்: அடுப்பில் ஏற்றும் முன் வெளிப்புறம் முழுக்கச் சாம்பலையோ களிமண்ணையோ குழைத்துப் பூசிவிட வேண்டும். முடிந்த பிறகு ஒரு கழுவில் எல்லாம் போய்விடும். பூசாமல் ஏற்றினால் மறுநாள் காலை முழுக்கத் தேய்ப்பு.

கேஸ் அடுப்பு

யாராவது என்னிடம் ஒரே வார்த்தையில் பதில் கேட்டால் கேஸ் என்றுதான் சொல்வேன். அடக்கமும் ஓங்கலும் ஒரே குமிழில் இருக்கிறது. நுரை எழும்பும்போது இரண்டு விரலால் திருப்பினால் போதும்.

ஆனால் எந்தக் கேஸ் அடுப்பு? சமையலறையில் இருக்கும் இரட்டை அடுப்பின் ஒரு வாயில் 25 லிட்டரைக் கொதிக்குக் கொண்டுவர ஒன்றேகால் மணிக்கு மேல் ஆகும். வந்த பிறகும் தளதளக்காது. அந்த எடைக்கு அடுப்புக் கால்களும் ஆடும். 10 லிட்டருக்குள் என்றால் அது தாராளமாகப் போதும். 20 லிட்டருக்கு மீகோரெங் கடைக்காரர்கள் வைத்திருக்கும் இரும்பு ஹை பிரஷர் அடுப்பு தேவை. அதற்கு உரிய ரெகுலேட்டரும் ஹோஸும் தனி. வீட்டு ரெகுலேட்டரை அதில் மாட்டிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அரை மணி நேரத்தில் கொதிக்கும். ஒரு குறை, அது இரைச்சல் போடும், தீ ஓரம் வழியாக ஏறி வீணாகும்.

செலவு? 14 கிலோத் தோம்பு (கேஸ் சிலிண்டர்) கட்டுப்பாட்டு விலையில் 26 வெள்ளி (ரிங்கிட்) 60 காசு, கிலோ 1 வெள்ளி 90 காசு. கொண்டுவந்து தருகிற கூலி தனி. ஒரு முறைக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை ஆகும். ஆக, 20 லிட்டர் பீருக்கு எரிபொருள் செலவு இரண்டு வெள்ளிக்குள். இந்தக் கணக்கைச் சொன்னதும் விறகுக்கட்டைத் தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அவர் மிச்சம் பிடிக்க நினைத்தது இந்த இரண்டு வெள்ளியைத்தான்.

மறைந்திருக்கும் செலவு, நடுவில் தோம்பு தீர்ந்துபோவது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கொதி பாதியில் நிற்கும்போது கடைத்தெருவில் கேஸ் கடை மூடியிருக்கும். காய்ச்சும் நாளுக்கு முன்தினம் தோம்பைத் தூக்கிப் பாருங்கள், அல்லது எடை போடுங்கள். அடுப்பை வெளியே, காற்றாடும் இடத்தில் வையுங்கள். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும். தோம்பை அடுப்புக்குப் பக்கத்திலேயே நிறுத்தாமல் ஹோஸ் நீளம் எட்டும் அளவுக்குத் தள்ளி வையுங்கள்.

கரியடுப்பு

இதைப் பலர் நினைத்துப் பார்ப்பதே இல்லை. பேராக்கில் இருந்துகொண்டு நினைக்காமல் இருப்பது எனக்கு ஆதங்கம். தைப்பிங்குக்கு அப்பால் கோலா செப்பெத்தாங்கில், மாத்தாங் அலையாத்திக் காட்டுக் கட்டையை வாரக்கணக்கில் சூளையில் வேகவைத்து எடுக்கும் பாக்காவ் கரி நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தட்டினால் மணி போலச் சத்தம் வரும். புகை கிடையாது, கண்ணெரிச்சல் கிடையாது, அண்டாவில் கரி பிடிப்பதும் மிகக் குறைவு.

இரண்டு மூன்று கிலோ போதும். விசிறினால் ஓங்கும், சாம்பலை மேலே தூவினால் அடங்கும். விறகைவிடப் பல மடங்கு சாதுவான தீ. ஊறவைக்கும் சூட்டை நிறுத்தக்கூட, கொஞ்சம் பழகினால், நாலே நாலு கங்கு வைத்துச் சமாளிக்கலாம். அதன் குறை வேகம். சிறிய அடுப்பில் 25 லிட்டரைக் கொதிக்கவைக்கப் பொறுமை வேண்டும், பாதியில் கரி சேர்க்கும்போது கொதி படுத்துவிடும். 10, 12 லிட்டர் காய்ச்சுகிறவர்களுக்கு இது தங்கம்.

ஒன்றை மட்டும் உயிராகப் பிடித்துக்கொள்ளுங்கள். கரியைக் கதவடைத்த அறையில் எரிக்கக் கூடாது. புகை இல்லை என்பதால் ஆபத்தில்லை என்று தோன்றும். மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு அதிலிருந்து வருகிறது. தலைசுற்றல் தெரியும்போது எழுந்து நடக்கத் தெம்பு இருக்காது. மழை வந்தாலும் உள்ளே கொண்டுபோகாதீர்கள்.

கரண்ட் அடுப்பு

அக்கா மகளுக்கு இது. முடியும், ஆனால் 20 லிட்டர் அல்ல.

வீட்டு 13 ஆம்பியர் பிளக்கில் இருந்து மூன்று கிலோவாட்டுக்கு மேல் எடுக்க முடியாது. கடையில் கிடைக்கும் இண்டக்‌ஷன் அடுப்பு பெரும்பாலும் இரண்டு கிலோவாட். அதில் 25 லிட்டர் கொதிக்கு வர ஒன்றரை மணி நேரம் போகும், வந்தாலும் ஓரத்தில் முட்டை விடுவதோடு சரி. எட்டு, பத்து லிட்டர் என்றால் நன்றாகவே கொதிக்கும். பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். பிரிட்ஜில் ஒட்டும் பூக்காந்தமே போதும். அலுமினிய அண்டா வேலைக்கு ஆகாது. எவர்சில்வரிலும் பல ஒட்டாது.

இதன் பெரிய பலம் அடக்கம். 67 டிகிரிச் சூட்டை இவ்வளவு எளிதாக நிறுத்தும் அடுப்பு வேறில்லை. சாம்பல் இல்லை, புகை இல்லை, பொங்கினால் ஒரு பட்டனில் அணையும். மால்ட் பாகு வாங்கிக் கரைக்கிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பாகு கனமானது, நேரே அடியில் போய் உட்காரும். அடுப்பை அணைத்துவிட்டு ஊற்றி, முழுக்கக் கரைந்த பிறகுதான் மறுபடி போட வேண்டும். இல்லையென்றால் வட்டமாகக் கருகும், அந்தக் கருகல் கடைசிப் போத்தல் வரை வரும். இது எல்லா அடுப்புக்கும் பொருந்தும், ஆனால் இண்டக்‌ஷனில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பழைய தோட்ட வீடுகளில் இருப்பவர்கள் கரண்ட் அடுப்பை நினைக்கும் முன் வயரிங்கைப் பாருங்கள். இரண்டு மணி நேரம் முழு வேகத்தில் ஓடும்போது தளர்ந்த பிளக்கும் மலிவு நீட்டுக் கம்பியும் உருகும். சுவர் பிளக்கில் நேராகச் செருகுங்கள். அரை மணிக்கு ஒரு தரம் பிளக்கைத் தொட்டுப் பார்த்து, கை பொறுக்காத சூடு இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

ஒரே பார்வையில்

| | விறகு | கேஸ் | கரி | கரண்ட் |
|---|---|---|---|---|
| 20 லிட்டருக்கு ஆகும் எரிபொருள் | 4–7 கிலோ | முக்கால்–1 கிலோ | 2–3 கிலோ | சுமார் 5 யூனிட் |
| 67 டிகிரியில் நிறுத்த | அடுப்பில் முடியாது, போர்வை முறைதான் | எளிது | பழகினால் முடியும் | மிக எளிது |
| ஓங்கிய கொதி | மிக நன்று | ஹை பிரஷரில் நன்று | சிறிய அளவுக்கு நன்று | 10 லிட்டர் வரை |
| நொடியில் அடக்க | கஷ்டம் | உடனே | கொஞ்சம் நேரம் ஆகும் | உடனே |
| எத்தனை ஆள் | இரண்டு | ஒன்று | ஒன்று | ஒன்று |
| அக்கம்பக்கம் | புகை | இரைச்சல் | தொந்தரவில்லை | தொந்தரவில்லை |

அக்கம்பக்கம் என்ற கடைசி வரியைச் சும்மா போடவில்லை. தமானில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், நமக்கு இடப்பக்கம் மலாய்க் குடும்பம் இருக்கும், வலப்பக்கம் சீனக் குடும்பம். ஹாப்ஸ் கொதிக்கும் வாசம் இலை வேகவைத்தது போலக் கனமாக இரண்டு மூன்று வீடு தாண்டும். பீர் வாசம் என்று தெரிந்தால் இஸ்லாமியக் குடும்பத்துக்கு மனசு சங்கடப்படும். நோன்பு மாதத்தில் நான் காய்ச்சுவதில்லை. மற்ற மாதங்களிலும் அவர்கள் ஊருக்குப் போகும் வார இறுதியைப் பார்த்துத்தான் அண்டாவை எடுப்பேன். புகைமூட்டக் காலத்தில் விறகு வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே மூச்சுத் திணறும் பெரியவர்கள் தெருவில் இருக்கிறார்கள்.

அடுப்பு எதுவானாலும் வரும் செலவு

அடுப்பைப் பற்றி இவ்வளவு யோசிப்பவர்கள் கொதித்த சாற்றை ஆற்றுவது பற்றி யோசிப்பதில்லை. நம் ஊர்க் குழாய்த் தண்ணீரே 27, 28 டிகிரி. செம்புச் சுருளை அண்டாவுக்குள் இறக்கித் தண்ணீரை ஓடவிட்டாலும் சாறு 32, 33க்குக் கீழே இறங்க மறுக்கும். சாதாரண பீர் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 22 டிகிரி வேண்டும். 30இல் அதைப் புளிக்கவிட்டால் கனமான சாராய வாடை வரும், மறுநாள் மண்டையிடி வரும். அதற்காகப் பழைய பிரிட்ஜ் வாங்கி வாரக்கணக்கில் ஓடவிட்டால் அடுப்பில் மிச்சம் பிடித்ததெல்லாம் அந்தக் கரண்டுக்கே போய்விடும்.

இங்கேயும் வோஸ்தான் கைகொடுக்கிறது. அந்த ஊர்ப் பண்ணைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த க்வைக் என்ற ஈஸ்ட் 30 முதல் 40 டிகிரியில் சந்தோஷமாக வேலை செய்யும், சில நாளில் முடித்தும் விடும். பொட்டலமாகவே கிடைக்கிறது. பனி பெய்யும் நாட்டு ஈஸ்ட் நம் பேராக் வெக்கைக்கு இவ்வளவு பொருந்துகிறது என்பதை முதல் தடவை பார்த்தபோது எனக்கு உண்மையாகவே மனசு நிறைந்தது.

விறகில் காய்ச்சுபவர்கள் ஆற்றும் நேரத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கொதிக்கும்போது விழும் சாம்பல் துளி ஒன்றும் செய்யாது, கொதியில் கிருமி செத்துவிடும். ஆறிய சாற்றில் விழுந்தால் அதோடு வரும் கிருமி பீரைப் புளிக்காடியாக்கும். கங்கை முழுக்க வாரி, தண்ணீர் தெளித்து அணைத்து, தூசி அடங்கிய பிறகே சுருளை இறக்குங்கள். மூடியைப் பாதி சாய்த்து வையுங்கள்.

யாருக்கு எது

அடுக்குமாடி, சின்னக் குடும்பம், மாதம் ஒரு முறை: கரண்ட், எட்டு லிட்டர். அக்கா மகளுக்கு இதைத்தான் சொன்னேன்.

பின்கட்டு உண்டு, தனியாகத்தான் செய்வேன் என்பவர்: ஹை பிரஷர் கேஸ், யோசிக்கவே வேண்டாம்.

வேகம் வேண்டாம், புகையும் ஆகாது, ஆனால் தீயோடு உட்கார்ந்திருக்கப் பிடிக்கும் என்பவர்: பாக்காவ் கரி, 10 லிட்டர்.

விறகு யாருக்கு? இடம் உள்ளவருக்கு, கூட இன்னொரு ஆள் உள்ளவருக்கு, காய்ந்த கட்டை கையில் உள்ளவருக்கு, சிவந்த, கனமான பீரை விரும்புபவருக்கு. மூன்று நான்கு குடும்பம் சேர்ந்து தீபாவளிக்கு 40, 50 லிட்டர் காய்ச்சுவதாக இருந்தால் விறகே மேல். கல்யாணச் சமையலுக்கு ஏன் இன்னும் விறகு மூட்டுகிறார்கள் என்பது அன்று புரியும். நான் இப்போது இரண்டையும் கலந்துதான் செய்கிறேன். ஊறவைக்கும் தண்ணீரைக் கேஸில் சூடாக்கிப் போர்வை சுற்றி வைக்கிறேன். அந்த ஒரு மணி நேரத்தில் தம்பி மகன் செங்கல் அடுப்பில் தீயை ஏற்றுகிறான். சாறு வடிந்து வரும்போது தீ தயாராக இருக்கும்.

பின்வரிசைத் தம்பிக்குக் கடைசியாகச் சொன்னது இதுதான். கட்டையைப் பிளந்து தகரத்துக்குக் கீழே அடுக்குங்க, பொங்கல் வரைக்கும் காயட்டும். அதுக்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மால்ட் எதுவும் வாங்காம, அண்டாவுல 25 லிட்டர் வெறும் தண்ணிய ஊத்தி அடுப்புல ஏத்துங்க. கொதிக்கு வர எத்தனை நிமிஷம், ஒரு மணி நேரம் கொதிக்க எத்தனை கட்டை, கட்டைய இழுத்த பிறகு கொதி அடங்க எத்தனை நிமிஷம், மூணையும் ஒரு தாள்ல எழுதிட்டு வாங்க. அந்த மூன்றாவது எண்ணைப் பார்த்துத்தான் விறகா கேஸா என்று முடிவு செய்யப் போகிறோம்.